மூக்காயி சொன்ன இங்கிலீஷ் சொல்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அது சர்க்கஸிலிருந்து வந்த சிங்கம். மலைப்பாதை வளைவில் லாரி நின்றபோது கூண்டுக் கதவு சரியாகப் பூட்டப்படாமல் இருந்தது. சிங்கம் இறங்கியது, நடந்தது, காட்டுக்குள் வந்துவிட்டது. அதுவரை அங்கே ராஜா என்று யாரும் கிடையாது. புதிதாக வந்த பிராணியைப் பார்க்க மிருகங்கள் எல்லாம் கூடின. சிங்கம் கூட்டத்தைப் பார்த்து "சிட்!" என்றது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாத மொழியில் அதட்டுகிறவர் பெரிய இடத்து ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, அன்றைக்கே ராஜா ஆக்கிவிட்டார்கள். அதுபோக "ஜம்ப்", "குட் பாய்" என்று இன்னும் இரண்டு வார்த்தைகள் ராஜாவுக்குத் தெரியும். ஆட்சி நடத்த அது தாராளமாகப் போதும்.

அதே காட்டில் மூக்காயி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். சிங்கத்தை 'அது' என்கிறாய், பன்றியை 'அவள்' என்கிறாயே என்று இலக்கணம் பேச வராதீர்கள். எனக்கு மூக்காயியைப் பிடிக்கும், அவ்வளவுதான். பாறையடி மடு ஒன்றுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் குட்டிகளோடு குடியிருந்தாள். குட்டிகளின் அப்பா, அப்பாக்களின் வழக்கப்படி, வேறு ஏதோ காட்டில் ரொம்ப வேலையாக இருந்தார்.

அந்த வருஷம் கோடை தீயாய்க் காய்ந்தது. ஓடைகள் வற்றின. பாறையடியில் இருந்த அந்த மடு ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம். காடு முழுக்க அங்கே வந்து முட்டியது. ஒருவரை ஒருவர் இடித்தார்கள், கடித்தார்கள். காட்டெருமை ஒரு மானைத் தள்ளிவிட, மான் போய் ராஜாவின் வால் மேல் விழுந்தது. வால் வலித்த பிறகுதான் ராஜாவுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

"ஒரு ஒளுங்கு வேணும்," என்றது சிங்கம்.

ஒழுங்கு என்ற சொல் காதில் விழுந்ததும் லில்லி மேடம் பறந்து வந்து முன்னால் உட்கார்ந்தார். லில்லி மேடம் என்பவர் ஒரு கிளி. நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில், குளியலறைக்கு வெளியே தொங்கிய கூண்டில் சில காலம் இருந்தவர். அந்த வீட்டில் எல்லாரும் விடிந்ததிலிருந்து கையில் போனை வைத்துக்கொண்டு, கொடுத்த எழுத்துகளை வைத்து இங்கிலீஷ் சொல் கண்டுபிடிக்கிற விளையாட்டு விளையாடுவார்களாம். அதைக் கேட்டுக் கேட்டே மேடம் படித்தவர் ஆகிவிட்டார். கூண்டில் இருந்ததைச் சொல்லும்போது மட்டும் "ஹாஸ்டலில் இருந்தேன்" என்பார்.

"ராஜா, அந்த வீட்ல தினமும் யாரு பாத்திரம் கழுவுறதுன்னு இந்த விளையாட்டுலதான் முடிவு பண்ணுவாங்க. ஒரு சத்தம் இருக்காது, சண்டை இருக்காது. தோத்தவங்க வாய மூடிக்கிட்டுக் கழுவுவாங்க," என்றார் மேடம். தோற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சட்டம் பிறந்தது. தினமும் காலையில் மேடம் ஓர் எழுத்தைச் சொல்வார். அந்த எழுத்து வருகிற இங்கிலீஷ் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு தண்ணீர் குடிக்கலாம். ஒருவர் சொன்ன சொல்லை அன்றைக்கு இன்னொருவர் சொல்லக் கூடாது. வரிசை, உடம்பின் அளவுப்படி. யானைதான் முதலில் நிற்கும். ராஜாவுக்கு மட்டும் கேள்வி கிடையாது. ராஜாவிடம் கேள்வி கேட்டால் அது எப்படி ராஜா?

முதல் நாள் மேடம் சொன்ன எழுத்து, ஈ.

யானை "எலிஃபன்ட்" என்று தன் பெயரையே சொல்லிவிட்டு, பாதி மடுவை உறிஞ்சியது. மான் "டீர்" என்றது. அடுத்து கரடி வந்தது.

"பேர்?" என்றார் மேடம்.

"பேர்," என்றது கரடி.

"உன் பேரத்தான் கேட்டேன்."

"அதத்தான் மேடம் சொல்றேன். பேர்."

"பி போட்டா, பீ போட்டா? ஒண்ணு கரடி, இன்னொண்ணு பழம்."

"நம்ம காட்டுல ஒரே ப தான மேடம். எதப் போட்டாலும் நான்தான் வருவேன்."

எதைப் போட்டாலும் நடுவில் ஈ வருகிறது என்று மேடத்துக்கு மனக்கணக்கு வந்துவிட்டதால் கரடியை விட்டுவிட்டார். அடுத்து மூக்காயியின் முறை. குட்டிகள் அவள் வயிற்றை ஒட்டி நின்றன.

"ஈ வரணும்," என்றார் மேடம்.

"அது வந்துக்கிட்டேதான் இருக்கு மேடம். இந்தா, மூக்கு மேலயே உக்காந்திருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. மூக்காயிக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஈயை விரட்டிவிட்டு நின்றாள்.

"உன் பேர இங்கிலீஷ்ல சொல்லேன் பார்ப்போம்," என்றார் மேடம், கருணை காட்டுகிற குரலில். யாரோ பின்னாலிருந்து "பிக்" என்று எடுத்துக்கொடுக்க, அவளும் "பிக்கு" என்றாள்.

"பி, ஐ, ஜி. இதுல ஈ எங்க இருக்கு? கடவுளே உங்களுக்கு ஈ வைக்கல. நான் என்ன செய்ய முடியும்? அடுத்தது!"

அன்று மூக்காயியின் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. மடுவின் கரையில் வெட்டிவேர் மண்டிக் கிடந்தது. அதைத் தோண்டி மென்றால் நாக்காவது நனையும். குட்டிகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு எழுத்து குறைவாக வைத்துப் படைத்த கடவுளைக் கொஞ்சம் திட்டினாள். அவள் அழவில்லை. அழுவதற்குக்கூட உடம்பில் ஈரம் வேண்டும்.

அப்போதுதான் நரி வந்தது. அதன் பெயர் நல்லதம்பி. பெயர் வைத்தவர்கள் அது குட்டியாக இருக்கும்போது வைத்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன். மலை உச்சிக்குப் படம் பிடித்துக்கொள்ள வந்த யாரோ தவறவிட்டுப் போன போன் ஒன்று அதனிடம் இருந்தது.

"மூக்காயக்கா, இதுக்கா வருத்தப்படுற? இந்தப் போனுல எந்த எழுத்தப் போட்டாலும், அது வர்ற சொல்லு மளமளன்னு கொட்டும். காலையில எழுத்து என்னன்னு தெரிஞ்சதும் என்கிட்ட வா."

"அதுக்கு நான் என்ன தரணும் தம்பி?"

"என்னக்கா, நமக்குள்ள என்ன. எனக்குக் குடியிருக்க ஒரு பொந்து மட்டும் தோண்டிக் குடு. உன் மூக்குக்கு அது ஒரு வேலையா?"

காய்ந்த மண்ணில் மூக்கு தேயத் தேயத் தோண்டினாள். நரிக்கு முன்வாசல் பின்வாசல் இரண்டும் வேண்டியிருந்தது. காற்றோட்டம் போதவில்லை என்று பக்கத்திலும் ஒன்று கேட்டது.

மறுநாள் எழுத்து, கியூ. நரி பாறை மேல் ஏறிப் போனை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மூக்காயியின் காதில் மட்டும் சொல்வதுபோல் "குவில்ட்" என்று சொன்னது.

"அப்படீன்னா என்ன?"

"பெரிய இடத்துல போத்திக்கிறது. உனக்கெதுக்கு அர்த்தம்? எளிதா நாக்குல ஒட்டிக்கும், சொல்லிக்கிட்டே போ."

"குவில்ட்டு, குவில்ட்டு" என்று ஜெபித்துக்கொண்டே மூக்காயி வரிசையில் நின்றாள். முன்னால் யானை "குவில்ட்" என்றது. மேடம் தலையாட்டினார். அடுத்து காட்டெருமை "குவில்ட்" என்றது. "சொல்லியாச்சு, போ" என்றார் மேடம். மான் "குவில்ட்" என்றது. கரடியும் "குவில்ட்" என்றது. நல்லதம்பி வரிசையில் இருந்த எல்லாருக்கும் அதே சொல்லைத்தான் காதில் மட்டும் சொல்லியிருந்தது. அதன் பயிற்சி நிலையத்தில் அன்று ஒருவர் தேர்ச்சி. யானையின் படத்தைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்துகொள்ள அந்த ஒன்று போதாதா?

மூக்காயிக்குப் பின்னால் நின்ற முள்ளம்பன்றிக்குப் பொறுமை போயிற்று. அதற்கும் மூக்காயிக்கும் பெயரில்தான் சொந்தம். பின்னாலிருந்து ஒரு கீரி நுழையப் பார்க்க, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கத்தியது. "யோவ், கியூவுல வாய்யா!"

"கியூ! சரியான விடை. போய்க் குடி," என்றார் மேடம்.

முள்ளம்பன்றிக்குத் தான் இங்கிலீஷ் பேசியதே தெரியாது. ஆனால் மடுவிலிருந்து திரும்பி வரும்போது அதன் நடையே மாறியிருந்தது. "கொஞ்சம் வழி விடுறீங்களா" என்று மூக்காயியிடம் பட்டணத்துப் பாணியில் கேட்டது. மூக்காயி அன்றும் வெறும் வாயோடு பள்ளத்துக்குத் திரும்பினாள். கடைக்குட்டி சுண்டு மட்டும் அன்று நடக்க முடியாமல் படுத்தே கிடந்தது. மூக்காயி அதை நக்கிக்கொடுத்தாள். இந்த மூக்கு எத்தனை ஆழம் தோண்டினாலும் அதில் ஒரு இங்கிலீஷ் சொல் அகப்படாதே என்று மனம் தளர்ந்துபோனாள்.

அடுத்த நாள் மேடம் இன்னும் உற்சாகமாக இருந்தார். மிருகங்கள் தோற்கத் தோற்க அவருடைய சிறகில் ஒரு மினுமினுப்பு கூடிக்கொண்டே வந்தது.

"இன்னைக்குக் கொஞ்சம் தரத்த ஏத்துறேன். ஒரே சொல்லுல வி ரெண்டு தடவ வரணும்."

வரிசையில் முனகல் எழுந்தது. எல்லாரும் நரியைத் தேடினார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நரி காலையிலேயே தன் மூன்று வாசல் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. யானை தும்பிக்கையைச் சொறிந்தது. காட்டெருமை "விவி" என்று ஒரு முயற்சி செய்தது. அப்படி ஒரு சொல் இருந்தால் தானே சொல்லியிருப்பேன் என்று மேடம் துரத்திவிட்டார். மான், கரடி, முள்ளம்பன்றி எல்லாரும் தோற்றார்கள். நேற்றுப் பட்டணத்து நடை நடந்த முள்ளம்பன்றி இன்று "போன தடவ மாதிரியே கியூ வையுங்க" என்று கெஞ்சியது.

மூக்காயி முன்னால் வந்து நின்றாள். அவளிடம் சொல் எதுவும் இல்லை. வராமல் இருக்க முடியவில்லை, வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து குட்டிகள் சுண்டுவை முட்டித் தள்ளிக்கொண்டு மேலே வந்துவிட்டன.

"யம்மா, நாக்கு ஒட்டிக்கிச்சும்மா," என்றது சுண்டு.

மூக்காயிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இங்க எதுக்கு வந்தீங்க? போங்க, போயி வெட்டிவேரு தோண்டி மெல்லுங்க. வெட்டிவேரு!" என்று கத்தினாள்.

லில்லி மேடம் இறக்கையை விரித்து எழுந்துவிட்டார். "யாரப் பாத்து வெட்டிங்கிற? வேலை வெட்டி இல்லாமலா நான் இங்க உக்காந்திருக்கேன்?"

"ஐயோ, உங்களச் சொல்லல மேடம். வேரு. வெட்டிவேரு. அந்தா, கரையில மொளச்சுக் கெடக்குல்ல, அது."

மேடத்தின் வாய் திறந்தபடி நின்றது. அவர் இருந்த வீட்டில் குளியலறைச் சோப்பு உறையில் அந்தச் சொல் இருந்தது. கூண்டிலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் தெரியும். மாதக்கணக்கில் அதையே எழுத்துக்கூட்டிக் கிடந்தவர். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் கிளி, பாவம், தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாத பிறவி.

"வி, ஈ, டி, ஐ, வி, ஈ, ஆர்," என்று ஒப்பித்துவிட்டார்.

"ரெண்டு வி வந்துச்சு!" என்றது யானை.

காடே "ஆமா, வந்துச்சு, வந்துச்சு" என்று கூத்தாடியது. மூக்காயிக்கு இங்கிலீஷ் தெரியுமாம். இத்தனை நாளாகத் தின்றதே இங்கிலீஷாம். மூக்காயி யாரையும் பார்க்கவில்லை. குட்டிகளை மடுவுக்குள் தள்ளிவிட்டு, சுண்டுவின் முகத்தைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தாள். பிறகு தானும் குடித்தாள். அன்றைக்கு அந்தக் காட்டில் அவளைப்போல் சந்தோஷமானவள் யாரும் இல்லை. நீதிக்கதைகளில் சந்தோஷம் இந்த இடத்தோடு முடிந்து, கதையும் முடிந்துவிடும். நானும் முடித்திருப்பேன். ராஜா விடவில்லை.

"அப்படின்னா," என்றது சிங்கம் யோசனையாக, "நம்ம காட்டுல ஒரு இங்கிலீஷ் சாமான் இத்தனை நாளா அனாதையா மொளச்சுக் கெடந்திருக்கு. பன்னிங்க அதத் தின்னுக்கிட்டு இருந்திருக்கு."

"மன்னிக்க முடியாத விஷயம் ராஜா," என்றார் மேடம். "அத சோப்புல போடுவாங்க. சென்ட்டுல போடுவாங்க. தட்டி முடைஞ்சு வாசல்ல தொங்கவிட்டாக் குளுகுளுன்னு இருக்கும். குடிக்கிற தண்ணியில போட்டா மணக்கும்."

"நான் குடிக்கிற தண்ணி மணக்கவே இல்லையே," என்றது ராஜா, மனம் நொந்துபோய்.

அன்று மாலைக்குள் கரையைச் சுற்றி முள் போட்டு அடைத்தாகிவிட்டது. வெட்டிவேர்ப் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவி நரிக்குக் கிடைத்தது. மறுநாள் மூக்காயி வழக்கம்போல் வேர் தோண்டப் போனபோது நல்லதம்பி வழி மறித்தது.

"எங்கக்கா போற?"

"இது என்ன கேள்வி? வெட்டிவேரு எடுக்க."

"எடுத்துக்கோ. தடையே இல்ல. இங்கிலீஷ் சாமான், அதுனால ஸ்பெல்லிங் சொல்லிட்டு எடுக்கணும். அவ்வளவுதான்."

"வெட்டிவேரு."

"தப்பு. நீ ரெண்டு டீ போடுற. ஒண்ணுதான்."

"ரெண்டு டீயா? நான் ஒரு டீ கூடக் குடிச்சதில்லையே தம்பி. தண்ணிக்கே வளியில்ல."

"வேட்-டி-வர்னு மென்மையாச் சொல்லணும்க்கா. நீ போட்டு வெட்டுற."

"பொறந்ததுலருந்து அப்படித்தான்டா சொல்றேன். அப்படிச் சொல்லித்தான நேத்து ஜெயிச்சேன்."

"நேத்து உன் சொல்லு. இன்னைக்கு இங்கிலீஷ் சொல்லு," என்றது நரி. அது சொன்னதிலேயே பொய் இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

மூக்காயி வாசலில் நின்று வேட்டி, வெட்டி, வெட்டிவர் என்று நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். நரி ஒவ்வொன்றுக்கும் தலையை இடமும் வலமுமாக ஆட்டியது. கடைசியில் நரியே ஒரு வழி சொன்னது. ராஜாவின் குகைக்கு முன்வாசல் தட்டி, பின்வாசல் தட்டி, மேடத்தின் கிளைக்கு ஒரு தட்டி, யானைக்கு முதுகு தேய்க்க ஒரு கட்டு, எல்லாவற்றுக்கும் வேர் வேண்டும். தோண்டத் தெரிந்த மூக்கு காட்டில் ஒன்றுதான். வேரைத் தோண்டிக் கொடுத்தால் எழுத்துக் கேள்வி இல்லாமலே வீட்டுக்குத் தண்ணீர்.

குட்டிகளின் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தோண்டினாள். தன் வேரைத் தானே பிடுங்கி அடுத்தவர் வாசலில் தொங்கவிடுவது எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தட்டி முடைகிற மும்முரத்தில் இருந்தார்கள்.

அந்த வேர்தான் கரை மண்ணை இத்தனை காலமாகப் பிடித்து வைத்திருந்தது. நீதிக்கதை என்றால் இதை முன்பே தெரிந்துவைத்திருந்து எச்சரிக்க ஒரு ஆமையாவது இருக்க வேண்டும். இந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது. மூக்காயிக்கும் தெரியாது. ஆமைக்கும் தெரியாது, அது அப்போதுதான் தட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் யானை குளிக்க இறங்கி, சுகமாகக் கரையில் சாய்ந்தது. கரை சர்ரென்று சரிந்தது. யானை ஒரு பக்கம் உருள, மடு மறுபக்கம் வழிந்தது. இருந்த தண்ணீர் முழுக்க மண்ணையும் கரைத்துக்கொண்டு கீழே பாய்ந்து, மூக்காயியின் பள்ளத்தில் போய் நிறைந்து நின்றது.

மடுவில் வெறும் பாறை. பள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீர். அதைச் சுற்றிலும் சேறு, பன்றிக் குலம் கனவு காண்கிற தரத்தில். சேற்றில் எங்கே கால் வைத்தால் நிற்கும், எங்கே வைத்தால் புதையும் என்பது அங்கேயே பிறந்து புரண்டவர்களுக்குத்தான் தெரியும். காட்டெருமை தெரியாமல் ஒரு கால் வைத்துவிட்டு, அதை வெளியே எடுக்க அரை நாள் பாடுபட்டது. அதைப் பார்த்த பிறகு மேட்டில் எல்லாரும் மரியாதையாக நின்றுகொண்டார்கள். ராஜாவும் வந்து நின்றது. சர்க்கஸில் மரத்தூள் மேல் நடந்து பழகிய பாதம், சேற்றைப் பார்த்ததும் பின்வாங்கியது.

குட்டிகள் தண்ணீரில் உருண்டன. மூக்காயி அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள். அத்தனை கண்களும் அந்தத் தண்ணீர் மேல் இருந்தன. தண்ணீர் இல்லாதபோது வராத ஒரு பயம் அப்போது அவளுக்கு வந்தது.

பக்கத்தில் யாரோ செருமினார்கள். நல்லதம்பி. எப்போது கட்சி மாறியது, சேற்றில் எப்படி வழி கண்டுபிடித்தது என்று எனக்குத் தெரியாது. நரிகள் வந்துசேரும், அவ்வளவுதான்.

"அக்கா, சும்மா விட்டீன்னா நாளைக்கு யானை இங்க வந்து கால நீட்டும். உம் புள்ளைங்க பழையபடி வேர மெல்லும். பரீட்ச வை."

"எனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே."

"கேக்குறவங்களுக்குத் தெரியணும்னு எவன் சொன்னான்? ராஜாவுக்கு வராத எழுத்தா வை. ழ வை."

"ளவா?"

"ள இல்லக்கா. ழ."

"அதத்தானடா நானும் சொல்றேன். ள."

நரி அவளை ஒரு நிமிஷம் பார்த்தது. "சரி விடு, நான் பக்கத்துல நின்னு தலையாட்டுறேன். அதப் பாத்து நீ சொல்லு," என்றது.

இப்படியாக அந்தக் காட்டில் தாய்மொழிக்கு மறுமலர்ச்சி பிறந்தது. மேட்டில் இருந்தவர்கள் ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. வரிசையில் நின்று பழகிவிட்டவர்களுக்கு, நடுவில் ஒரு பரீட்சை இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. யானை "மழை" என்றது, நரி தலையாட்டியது. கரடி "கிழங்கு" என்றது, அதற்கும் தலையாட்டியது. முள்ளம்பன்றி கியூ என்று ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு "குழி" என்றது. தேறியவர்களைக் குட்டிகள் சேற்று வழியில் கூட்டிப்போயின. லில்லி மேடம் வந்து "பழம்" என்று தேன் ஒழுகச் சொன்னார். அப்படி ஒரு ழகரம் அந்தக் காட்டில் அதற்கு முன் ஒலித்ததில்லை. சொல்லிவிட்டு, தன் பெயர் லில்லி இல்லை, அல்லிக்கிளி என்றும், ஹாஸ்டலில் கட்டாயப்படுத்தி மாற்றிவிட்டார்கள் என்றும் கண் கலங்கினார்.

அடுத்து சிங்கம் வந்தது. நாக்கு உலர்ந்து, பிடரி தொங்கிப்போயிருந்தது.

"பளம்," என்றது.

நரி தலையை இடவலமாக ஆட்டியது.

"தப்பு," என்றாள் மூக்காயி.

"மளை. கிளங்கு."

"தப்பு. தப்பு."

சிங்கம் தொண்டையைக் கனைத்து, வாயைக் கோணி, நாக்கை மேலே மடித்து, கீழே மடித்து என்னென்னவோ செய்து பார்த்தது. மேட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரும் பழைய ராஜா என்று பார்க்கவில்லை. குடித்த தண்ணீரின் தெம்பு அது. மூக்காயிக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அது நல்ல குளிர்ச்சி இல்லை என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் எத்தனை நாள் காய்ந்தவள் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது சுண்டு விளையாட்டாக வரிசைக்குள் நுழைந்து, சிங்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பெரியவர்கள் செய்வதை எல்லாம் தானும் செய்ய வேண்டும் அதற்கு.

"யம்மா, நானும் சொல்றேன். மள!"

மேட்டில் யானை காதை ஆட்டுவதை நிறுத்தியது. முள்ளம்பன்றி தொண்டைக்குள் சிரித்தது. "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். மூக்காயி நரியைப் பார்த்தாள். நரி தலையை ஆட்டவே இல்லை, ஆகாயத்தில் ஏதோ பறவையை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு ழவுக்கும் ளவுக்கும் வித்தியாசமே கேட்கவில்லை. ஆனால் வரிசையில் நின்று வெறும் வாயோடு திரும்புகிற பிள்ளை எப்படி இருக்கும் என்பது தெரியும்.

"சரியான விடை. நீ போயிக் குடி சாமி," என்றாள்.

சுண்டு தண்ணீருக்கு ஓடியது. சிங்கம் துள்ளி எழுந்தது. "அவன் சொன்னதத்தான நானும் சொன்னேன்! எளுத்து மாறாம அதேதான சொன்னேன்!"

"நீ சொன்னது தப்பு."

"எப்படித் தப்பு? எதுல தப்பு?"

மூக்காயி சேற்றில் வசதியாக ஒரு தடவை புரண்டு படுத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ என் புள்ளையா?"

சிங்கம் போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல் "பளம், பளம்" என்று சொல்லிப் பார்க்க ஆரம்பித்தது.

நீதி: தண்ணீர் யாருடைய பள்ளத்தில் கிடக்கிறதோ, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு உச்சரிப்பு எப்போதும் சுத்தமாகவே இருக்கும்.